இரண்டு நாள் லீவு, கார் இல்லை, அம்மாவுக்குக் கடல் பார்க்க வேண்டும்

சமையல்கட்டு93 – வியாழன் இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். நான் வேலை செய்யும் உணவகத்தில் சமையலறைத் தரையை உடைத்துத் திருத்துகிறார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பூட்டு என்று இன்று பின்னேரம்தான் முதலாளி சொன்னார். பதினொரு வருடமாக இந்த வேலை. சனியும் ஞாயிறும் சேர்ந்து லீவு கிடைத்தது கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும்தான். நாளைக்கு மனைவிக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அதனால் சனி காலை போய் ஞாயிறு இரவு திரும்ப வேண்டும்.

அம்மா ஏப்ரலில் ஊரிலிருந்து வந்தார். ஜூலைத் தொடக்கத்தில் விசா முடிகிறது. வீடு வல்வெட்டித்துறைப் பக்கம், வாசலில் நின்றால் கடல். இங்கே பாரிஸ் புறநகர் லா கூர்நேவில் நான்காம் மாடியில் பத்துக் கிழமையாக இருக்கிறார். போன ஞாயிறு சேன் நதிக்கரைக்குக் கூட்டிப்போனேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது ஆறுதானே தம்பி, கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அது மனதுக்குள் நிற்கிறது.

நாங்கள் ஐந்து பேர். மகளுக்கு 9, மகனுக்கு 4, அம்மாவுக்கு 71. அம்மா நடப்பார், ஆனால் முழங்கால் வலி, படிகள் ஏற மாட்டார். கார் இல்லை. எல்லாமாக 400 யூரோ, மிஞ்சினால் 450. படங்களில் பார்த்ததால் எத்ரெத்தா என்ற கடற்கரை ஊருக்குப் போகலாம் என்று நினைத்தேன். சரிவருமா?


உப்புக்காற்று – வியாழன் இரவு 10.41

தம்பி, எத்ரெத்தா வேண்டாம். இடம் வடிவு, அதில் மறுபேச்சே இல்லை. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை வளைந்து கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும், பக்கத்தில் ஊசி போல ஒரு தனிப்பாறை. ஓவியர் மொனே திரும்பத் திரும்ப வந்து வரைந்த இடம். ஆனால் அங்கே ரயில் நிலையம் கிடையாது. லு ஹாவ்ர் வரை ரயில், பிறகு ஒரு மணி நேரம் பேருந்து. வந்து இறங்கினால் கடற்கரை முழுக்கக் கூழாங்கல். மேலிருந்து பார்ப்பதுதான் அழகு, அதற்கு இரண்டு பக்கமும் ஏற வேண்டும். அம்மாவைக் கீழே உட்கார்த்திவிட்டு நீங்கள் மட்டும் ஏறிப் பார்க்கப் போகிறீர்களா?

நாங்கள் போன வருடம் மாமியோடு போனோம். திரும்பி வரும்போது மாலைப் பேருந்து நிரம்பி வந்து யாரையும் ஏற்றாமல் போய்விட்டது. ஒரு மணி நேரம் நின்று டாக்சி பிடித்தோம். ரயிலும் போய்விட்டது. அந்த டாக்சிக் காசையும் மாமியின் முகத்தையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கவலைதான்.


தெற்குவெயில் – வியாழன் இரவு 10.55

கடல் என்றால் தெற்கே உள்ள நீஸ்தான். நீலமாக, சூடாக இருக்கும். வடக்குக் கடலில் ஜூன் மாதத்திலும் கால் விறைக்கும். ஒருமுறை செலவு செய்தாலும் அம்மா வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொள்வார்.


ரயில்பாதை – வியாழன் இரவு 11.02

தெற்குவெயில் அண்ணா, நீஸ் டிஜிவி என்ற அதிவேக ரயிலிலேயே ஆறு மணி நேரம் அளவு. சனி போய் ஞாயிறு திரும்பினால் பன்னிரண்டு மணி நேரம் ரயிலுக்குள்தான் இருப்பார்கள். டிஜிவி டிக்கெட் கடைசி நேரத்தில் எப்படி ஏறும் என்று உங்களுக்கே தெரியும். ஐந்து பேருக்கு இந்தக் காசு ரயிலுக்கே போதாது. மார்செய் மூன்றேகால் மணி நேரம்தான், அங்கேயும் விலையில் அதே கதை.

சமையல்கட்டு அண்ணா, திடீர்ப் பயணத்துக்கு என் கணக்கு இது. ரயில் நிலையத்திலிருந்து கடலுக்கு நடந்து போக முடிகிற ஊர் மட்டும். பேருந்து மாறுகிற ஊரை மாதக் கணக்கில் திட்டமிட்டுப் போகலாம், இரண்டு இரவில் முடிவு செய்து போகக்கூடாது. அப்படிப் பார்த்தால் பாரிசுக்கு மூன்று மணி நேரத்துக்குள் முக்கியமாக இவை மிஞ்சும்: துரூவில்-தோவில், டியெப், லு ஹாவ்ர், லு த்ரேப்போர், பூலோன்.

தோவிலுக்கு பாரிசின் சன் லசார் நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரம் சொச்சம், மணல் கரை, நல்ல இடம். ஆனால் சனிக்கிழமை இரவு அறை விலை உங்கள் கணக்குக்கு ஒத்துவராது. லு ஹாவ்ர் போரில் தரைமட்டமாகி, ஒகுஸ்த் பெரே என்ற கட்டடக் கலைஞர் கான்கிரீட்டில் திரும்பக் கட்டிய நகரம். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். எனக்குப் பிடிக்கும், அம்மாவுக்குப் பிடிக்குமா தெரியாது. லு த்ரேப்போருக்கு உங்கள் பக்கத்து கார் து நோர் நிலையத்திலிருந்து போவே வழியாகப் போகலாம். நூறு மீட்டர் உயரமான பாறை உச்சிக்கு 1908இல் திறந்த ஒரு இழுவை ரயில் இன்றும் ஓடுகிறது, டிக்கெட் கிடையாது. முழங்கால் வலிக்கு அதைவிட நல்லது இல்லை.

பாரிஸ் வட்டாரத்து நவிகோ பயண அட்டை இந்த ஊர்கள் எதற்கும் செல்லாது. தனி டிக்கெட் எடுங்கள்.


மணல்மேடு – வியாழன் இரவு 11.20

ஒருவரும் சோம் ஆற்று முகத்தைச் சொல்லவில்லையே! கார் து நோரில் ஏறி அமியான் வழியாக நுவாயேல் போங்கள். அங்கிருந்து பழைய நீராவி ரயில் சேற்றுநிலத்தைச் சுற்றி லு க்ரொத்துவாவுக்கும் சன்-வலரிக்கும் போகும். பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும். லு க்ரொத்துவாவில் கல் இல்லை, மணல். லு ஊர்தேல் முனையில் நின்றால் கடல்நாய்கள் மணல்திட்டில் படுத்திருப்பது தெரியும், பிரான்சிலேயே பெரிய கூட்டம் அங்கேதான். 300 மீட்டர் தள்ளி நின்று பார்க்க வேண்டும், தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள். 1066இல் நோர்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடிக்கக் கப்பல் எடுத்தது இந்த சன்-வலரியிலிருந்துதான்.


அலைகரை – வியாழன் இரவு 11.48

மணல்மேடு, நானும் அந்த இடத்தை விரும்புகிறவன். ஆனால் இந்த அம்மாவுக்கு அங்கே ஒரு சிக்கல் உண்டு. சோம் முகத்தில் கடல் வற்றினால் வற்றியதுதான். கண்ணுக்கு எட்டிய தூரம் ஈர மணலும் சேறும் புல்லும். பார்த்தவர்களுக்கு அது தனி அழகு. கடலைத் தேடி வந்த ஒருவர் வற்று நேரத்தில் இறங்கினால், "கடல் எங்கே?" என்று திரும்பவும் கேட்பார். ரயில் நேரம் பார்ப்பதற்கு முன் அலை நேரம் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே ஒருவரும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணக் கடல் ஏறி வற்றுவது ஒரு மீட்டர்கூட வராது. அதனால் நமக்கு இது பழக்கமில்லை. லா மான்ஷ் கடல், அதாவது ஆங்கிலக் கால்வாய், அப்படியில்லை. டியெப் பக்கம் பெரிய ஏற்றத்தில் எட்டு மீட்டருக்கு மேல் வித்தியாசம், இரண்டு மாடி வீட்டின் உயரம். சன் மாலோவில் பன்னிரண்டையும் தாண்டும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்ததுக்கு ஏறத்தாழ பன்னிரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அதனால் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும்.

பிரெஞ்சுக்காரர் அலைப் பட்டியலில் நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் போடுவார்கள், கோஎஃபிசியான். 20இலிருந்து 120 வரை. எண் பெரிதானால் கடல் கூட ஏறும், கூட வற்றும், வேகமாகவும் வரும். இதில் மர்மம் ஒன்றுமில்லை. பூரணையையும் அமாவாசையையும் ஒட்டிப் பெரிய எண், அட்டமி நவமிப் பக்கம் சின்ன எண். உங்கள் அம்மாவுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

இன்று பூரணை. அப்படியானால் சனிக்கிழமை டியெப்பில் பிற்பகல் இரண்டு மணியை ஒட்டிக் கடல் முழுக்க ஏறியிருக்கும், இரவு ஒன்பது ஒன்பதரைக்கு முழுக்க வற்றியிருக்கும். ஜூனில் பத்து மணிக்குத்தான் பொழுது படுகிறது. அதாவது மதியம் கல்லில் மோதும் கடலையும், மாலை வெளிச்சத்தில் கல்லுக்குக் கீழே வெளிப்படும் மணலையும் ஒரே நாளில் பார்க்கலாம். இப்படி நேரம் பொருந்துவது அபூர்வம். நான் என்றால் டியெப்தான் போவேன். பட்டியலை மட்டும் நீங்களே ஒருமுறை சரிபாருங்கள்.


சமையல்கட்டு93 – வெள்ளி அதிகாலை 12.15

அலைகரை அண்ணா, டியெப் என்று வாசித்ததும் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். குளிர்காலம் முழுக்க எங்கள் சமையலறைக்கு வரும் சன்ஜாக் சிப்பிப் பெட்டிகளில் அந்தப் பெயர்தான் ஒட்டியிருக்கும். ஒரு நாளைக்கு இருபது கிலோ திறந்திருக்கிறேன். அந்தப் பெயர் ஒரு ஊர் என்று யோசித்ததே இல்லை. அங்கே அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?


ருவான்_அக்கா – வெள்ளி காலை 7.10

தம்பி, நான் ருவான் நகரில் இருக்கிறேன். பதினாறு வருடமாக வெயில் அடித்தால் நாங்கள் ஓடுகிற கடல் டியெப்தான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிப்பி. சன்ஜாக் பிடிப்பதற்கு அக்டோபர் 1இலிருந்து மே 15 வரைதான் அனுமதி. ஜூனில் உணவகத்தில் தந்தால் அது பெரும்பாலும் உறையவைத்தது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள். இப்போது சோல் மீன் கேளுங்கள், மக்கரோ மீன் கேளுங்கள்.

சன் லசாரில் காலை ரயில் எடுங்கள். ருவானுக்கு ஒன்றரை மணி நேரம், அங்கே மாறினால் டியெப்புக்கு முக்கால் மணி, ஐம்பது நிமிடம். மாறும் நேரம் குறைவாக உள்ள ரயிலை எடுக்காதீர்கள், அம்மாவோடு மேடை மாற நேரம் வேண்டும். டியெப் நிலையத்திலிருந்து துறைமுகம் பத்து நிமிடத்துக்குள், கடற்கரை ஆறுதலாக நடந்தால் இருபது நிமிடம். எல்லாம் சமதரை.

சனிக்கிழமை போகிறீர்கள் என்பது உங்கள் அதிர்ஷ்டம். அன்றைக்குத்தான் பெரிய சந்தை. பெருந்தெருவும் அதைச் சுற்றிய தெருக்களும் நிறையக் கடை போடுவார்கள். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் வெண்ணெய், சீஸ், கீரை, கோழி என்று கொண்டுவருவார்கள். மதியம் ஒரு மணிக்குப் பிறகு கடைகளை எடுத்துவிடுவார்கள், ஆகவே பதினொன்றுக்குள் போய்விடுங்கள். துறைமுகக் கரையில் படகுக்காரர்களின் மீன்கடைகள் இருக்கும். அம்மாவைக் கட்டாயம் அங்கே கூட்டிப்போங்கள்.

கரை ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம், முழுக்கக் கூழாங்கல். சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கும் தீக்கல்தான் பாறை இடிந்து விழும்போது வெளியே வந்து அலையில் உருண்டு இப்படி ஆகிறது. வெறுங்காலில் நடக்க முடியாது. பிள்ளைகளுக்கு மலிவான பிளாஸ்டிக் கடல்சப்பாத்து வாங்குங்கள். கரைக்குப் பின்னால் பெரிய புல்வெளி, பட்டம் விடுவார்கள். அம்மா நடைபாதை வாங்கில் உட்கார்ந்தாலே முழுக் கடலும் தெரியும். பாறைக்கு நேர் கீழே மட்டும் யாரும் உட்காராதீர்கள், எச்சரிக்கை இல்லாமல் இடியும். கல் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகவும் சட்டம் விடாது, பிள்ளைகளின் பைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கரையில் இன்னொன்றும் இருக்கிறது. 1942 ஆகஸ்ட் 19 அதிகாலை, நாசிப் படை பிடித்துவைத்திருந்த இந்த ஊரில் நேச நாட்டுப் படை இறங்கிப் பார்த்தது. வந்தவர்களில் ஐயாயிரம் பேரளவு கனடாக்காரர். யுத்தத் தாங்கிகளின் சங்கிலிகள் இதே கல்லில் சிக்கிச் சுழன்றன. நண்பகல் தாண்டியதும் எல்லாம் முடிந்துவிட்டது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட கனடாப் படையினர் செத்தார்கள். நினைவிடத்தில் எப்போதும் கனடாக் கொடி இருக்கும். நம்மில் யாருக்குத்தான் கனடாவில் சொந்தம் இல்லை? மகளுக்கு ஒன்பது வயது, சொன்னால் விளங்கும். ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

ஞாயிறு காலை நேரமிருந்தால் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் லு போலே, பழைய மீனவர் குடியிருப்பு. அதற்கு மேலே பாறை உச்சியில் ஒரு சின்ன மாதா கோவில். கடலில் போய்த் திரும்பாதவர்களின் பெயர்ப் பலகைகள் உள்ளே இருக்கும். ஏற்றம் அதிகம், அம்மாவுக்காக டாக்சி பிடியுங்கள். நான் கைக்காசு போட்டாவது போகச் சொல்லும் இடம் அது.


புதுவையான் – வெள்ளி காலை 8.35

இந்த வாரத்துக்கு இல்லை, ஆனால் பிரெஞ்சுக் கரை என்றால் தமிழர்கள் ஒருமுறை லோரியான் போக வேண்டும் என்பது என் ஆசை. 1664இல் தொடங்கிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக எழுந்த ஊர், பெயரே கிழக்கைக் குறிப்பதுதான். எங்கள் புதுச்சேரித் துணி கப்பலேறி வந்து இறங்கிய துறை. எதிர்க்கரையில் போர்-லூயி கோட்டைக்குள் கம்பெனி அருங்காட்சியகம் இருக்கிறது. பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவி மூன்று மணி நேரம். அடுத்த நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.


சமையல்கட்டு93 – வெள்ளி மதியம் 1.05

டியெப் என்று முடிவு. ரயில் ஐந்து பேருக்கும் போகவர 146 யூரோ. கடலுக்கு நேரே உள்ள ஹோட்டல்களில் இடமில்லை, இருந்ததும் விலை கூட. நிலையத்துக்குக் கிட்ட ஒரு குடும்ப அறை 118க்குக் கிடைத்தது, மகன் எங்களோடு படுப்பான். சாப்பாட்டுக்கு மனைவி சனி மதியத்துக்கு இடியப்பமும் சம்பலும் கட்டுகிறார். பாரிசின் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ரோல்ஸ் வாங்கி வைத்துவிட்டேன். சனி இரவு ஒரு தரம் மட்டும் வெளியே சாப்பாடு.


உப்புக்காற்று – வெள்ளி மதியம் 1.30

நல்ல முடிவு. அம்மாவுக்குக் கம்பளிச் சட்டையும் காதை மூடும் சால்வையும் கட்டாயம். பாரிசில் 27 பாகை என்றால் அங்கே 19, காற்றில் அதைவிடக் குறைவாகத் தெரியும். ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நடக்கவிடாதீர்கள். கடற்காகங்கள் பின்னாலிருந்து வந்து பிடுங்கும், சின்னவன் பயந்துவிடுவான்.


தெற்குவெயில் – வெள்ளி மாலை 6.20

நீங்கள் எல்லாரும் சொன்னதைப் படித்தபின் நானும் ஒத்துக்கொள்கிறேன். நல்லபடி போய்வாருங்கள். வந்து எழுதுங்கள்.


சமையல்கட்டு93 – ஞாயிறு இரவு 11.40

வந்துவிட்டோம். பிள்ளைகள் தூங்குகிறார்கள். மறக்க முன் எழுதிவிடுகிறேன்.

சனி பத்தரைக்கு டியெப்பில் இறங்கினோம். நிலையத்துக்கு வெளியே வந்ததும் அம்மா நின்றுவிட்டார். கடல் இன்னும் கண்ணில் படவில்லை. "மணக்குது" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் வழி காட்டத் தேவைப்படவில்லை, அவர் முன்னால் போனார்.

மீன்கடையில் மக்கரோவைக் கண்டதும், "இது எங்கட கும்பளாவின்ர அண்ணன்" என்று சொல்லி, கேட்காமலே ஒன்றை எடுத்துச் செவுளைத் திறந்து பார்த்தார். எனக்கு வேர்த்துவிட்டது, இங்கே யாரும் மீனைத் தொட மாட்டார்கள் அல்லவா. கடைக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானே வேறொரு மீனை எடுத்து, செவுளைத் திறந்து, இது இன்னும் நல்லது என்று நீட்டினார். சமைக்க இடமில்லாமலே இரண்டு வாங்கினோம். ஹோட்டல்காரர் தங்கள் குளிர்ப்பெட்டியில் வைத்துத் தந்தார். இன்று ஐஸ்பையில் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இரண்டு மணிக்கு அலைகரை அண்ணா சொன்னபடியே கடல் முழுக்க ஏறி நின்றது. அலை திரும்பும்போது கற்கள் உருளும் சத்தம் இருக்கிறதே, அதை நான் எதிர்பார்க்கவில்லை. மழை தகரத்தில் பெய்வது மாதிரி. அம்மா வாங்கில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு பெரிய கல்லை நிறுத்தச் சொன்னார். அரை மணிக்கு ஒரு கல். மகள் மாலை முழுக்க அதையே செய்தாள். ஒன்பது மணிக்குப் பார்த்தால் முதல் கல் எங்கோ மேலே. கீழே மணல் வந்துவிட்டது. நானும் மனைவியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அம்மாவை அந்தக் கல்மேட்டில் இறக்கினோம். இருபது நிமிடம் எடுத்தது. தண்ணீர் குளிர்ந்தது, ஆனாலும் இரண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். பொழுது படும்வரை அங்கேதான் நின்றோம்.

ருவான் அக்கா, கனடாக் கொடிக்கும் போனோம், மாதா கோவிலுக்கும் போனோம். பெயர்ப் பலகைகளை நான் வாசித்து அம்மாவுக்குச் சொன்னேன். நாலைந்து பெயருக்குப் பிறகு, வாசிக்க வேண்டாம் என்றார். அவருடைய தகப்பனும் கடலில் போய் வராதவர்தான். நான் பிறக்க முன் நடந்தது. அதைப் பற்றி அம்மா என்னோடு கதைத்தது இதுவே முதல் தரம். டாக்சிக்கு 22 யூரோ போய்வர. நீங்கள் சொன்னது சரி.

எல்லாமாக 418 யூரோ ஆனது.

திரும்பும் ரயிலில் அம்மா ஊருக்குப் போன் எடுத்துத் தம்பியோடு கதைத்தார். ஹோட்டலைப் பற்றியோ சந்தையைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "இஞ்ச கடல் இரண்டு மாடி உயரத்துக்கு ஏறி இறங்குது, வள்ளத்தை எப்படிக் கட்டுவாங்கள் சொல்லு பார்ப்பம்" என்று தொடங்கி, மிதக்கும் பாலம் தண்ணீரோடு சேர்ந்து ஏறுவதையும் இறங்குவதையும் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். ருவான் வரும்வரை அந்தக் கதை முடியவில்லை.